மேட்டுப்பாளையத்து வீடுகளில் வெப்பத்தின் வழித்தடம்: அகச்சிவப்புப் படக்கருவி காட்டுவதும் காட்டாததும்

ஆய்வுச்சுருக்கம்

குளிர்நாடுகளில் வீட்டின் வெப்ப இழப்பைக் கண்டறியப் பயன்படும் அகச்சிவப்புப் படக்கருவி, நீலகிரி அடிவாரத்து ஊரான மேட்டுப்பாளையத்தில் எதிர்த்திசையில் பயன்பட வேண்டியுள்ளது. இங்கு வெப்பம் வெளியேறுவது சிக்கலன்று. உட்புகுவதும் உள்ளே தங்குவதுமே சிக்கல். கருவியின் இயற்பியல் அடிப்படை, ஓட்டுக்கூரை, தகரக்கூரை, தார்சுக்கூரை ஆகியவற்றின் வெப்பத் தாமதம், உமிழ்திறன் பிழையால் எழும் தவறான முடிவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை எளிய கணக்குகளோடு விளக்குகிறது. ஒரே நேரத்தில் எடுத்த ஒற்றைப் படத்தைக் கொண்டு கூரைகளை ஒப்பிடுதல் பிழையானது என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அகச்சிவப்புக் கதிர், உமிழ்திறன், வெப்பத் தாமதம், தார்சு, மங்களூர் ஓடு, மேட்டுப்பாளையம், நீலகிரி

முன்னுரை

கோவை வட்டாரத்து மக்களுக்கு வெப்பப் படக்கருவி புதிதன்று. மதுக்கரையில் தொடர்வண்டிப் பாதையைக் கடக்கும் யானைகளைக் காப்பதற்காக 2024-இல் தொடங்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு அமைப்பில் 12 கோபுரங்களில் இத்தகைய கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. இருளில் நிற்கும் யானையின் உடல் வெப்பம் காட்டின் பின்னணியிலிருந்து வேறுபட்டுத் தெரிவதே அவ்வமைப்பின் அடிப்படை. கொரோனாக் காலத்தில் நிலையங்களின் வாயிலில் நம் நெற்றியை அளந்ததும் இதே தத்துவம்தான். மின்மாற்றியில் தளர்ந்த இணைப்பு சூடேறியிருப்பதைக் கண்டறிவதும் இதனால்தான். ஆயினும், நாம் வாழும் வீட்டின் கூரையையும் சுவரையும் நோக்கி இக்கருவியைத் திருப்பும் வழக்கம் இங்கு இன்னும் வேரூன்றவில்லை.

இதனை ஒரு வசதிப் பொருளாகக் கருதுவதற்கில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் வெப்ப அலை என்பதற்கான அளவுகோல், நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைக்கப்பட்ட வெப்பமானியின் அளவு. சமவெளியில் அந்த அளவு 40 பாகை செல்சியஸைத் தொட்டால்தான் அறிவிப்பைப் பற்றிய பேச்சே எழும். மேட்டுப்பாளையத்தில் நிழல் வெப்பம் 37 பாகையில் நிற்கும் நாளிலும், தகரக்கூரையின் கீழ் படுத்திருக்கும் முதியவர் அதைவிடக் கடுமையான வெப்பத்தை உணர்வார். அவர் வீட்டுக்குள் நிலவும் வெப்பம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அருகிலுள்ள சிறுமுகையில் நெசவாளர்க்கு வீடே தொழிற்கூடம். தறி இருக்கும் அறையின் கூரை சூடேறினால், இழப்பு உறக்கத்தில் மட்டுமன்றிக் கூலியிலும் விழும்.

கருவியின் அடிப்படை

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானி மேலும் ஏறியது. அங்கு விழுந்த கதிரையே இன்று அகச்சிவப்பு என்கிறோம். வெப்பம் உடைய எல்லாப் பொருளும் இக்கதிரை இடையறாது உமிழ்கின்றது. சூரியனின் புறப்பரப்பு போன்ற கொதிநிலையில் உள்ளவை கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் மிகுதியாக உமிழும். நம் வீட்டுச் சுவர் போன்று 27 பாகை அளவில் உள்ளவை ஏறத்தாழ 9.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகுதியாக உமிழும். ஆகவே கட்டடங்களுக்கான படக்கருவிகள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள பட்டையில் இயங்குகின்றன. வளிமண்டலமும் இப்பட்டையில் பெரிதும் தடையின்றிக் கதிரை விடுகிறது.

கருவியின் உள்ளே நுண்ணிய தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். விழும் கதிரால் ஒவ்வொரு தகடும் மிகச் சிறிதளவு சூடேற, அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தைக் கருவி வெப்பநிலையாகக் கணக்கிட்டு வண்ணம் தீட்டுகிறது. அந்த வண்ணம் பொருளினுடையதன்று. கருவி தன் விருப்பப்படி இடுவது. இதனை மறந்தவர்களால் விளையும் குழப்பம் பெரிது. பின்னர் அதற்கு வருவோம்.

கண்ணாடி இப்பட்டையில் ஒளிபுகாப் பொருள். அதனால்தான் இக்கருவியின் வில்லையைச் சாதாரணக் கண்ணாடியால் செய்யாமல் ஜெர்மானியத்தால் செய்கின்றனர். மூடிய சன்னலின் வழியே கருவியை நீட்டினால் அறைக்குள் இருப்பது தெரியாது. சன்னல் கண்ணாடியின் வெப்பமும், அதில் எதிரொளிக்கும் படமெடுப்பவரின் உருவமுமே தெரியும். சுவரை ஊடுருவி உள்ளிருப்போரைக் காட்டும் கருவி இது என்று திரைப்படங்கள் ஊட்டிய எண்ணத்திற்கு அடிப்படை இல்லை. கருவி காண்பது புறப்பரப்பின் வெப்பத்தை மட்டுமே.

இழப்பும் வரவும்: ஒரே மலையின் இரு முனைகள்

1965-இல் சுவீடனின் ஆகா நிறுவனம் உயர் அழுத்த மின்கம்பிகளை ஆராய்வதற்கென இத்தகைய கருவியை முதன்முதலில் வணிக முறையில் வெளியிட்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் குளிர்நாடுகளில் வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் செலவு ஏறியது. அதன்பின் வீட்டின் எந்த இடுக்கு வழியே வெப்பம் கசிகிறது என்று தேடும் பணியில் இக்கருவி இறங்கியது. 1983-இல் பன்னாட்டுத் தர அமைவனம் கட்டடங்களில் வெப்பக் குறைபாடுகளைக் கண்டறியும் அகச்சிவப்பு முறைக்கு 6781 என்னும் தரத்தை வகுத்தது. அந்நாடுகளின் நடைமுறையில் ஒரு பொதுவிதி உண்டு: உள்ளும் வெளியும் உள்ள காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை வேறுபட வேண்டும்; அவ்வேறுபாடு பல மணி நேரம் நிலைத்திருக்க வேண்டும்.

நீலகிரியில் இவ்விதி பொருந்தும். மேட்டுப்பாளையம் தொடர்வண்டி நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையின் மறுமுனையான உதகமண்டலம் 2203 மீட்டரில் உள்ளது. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்னும் பொது வழக்கைக் கொண்டு பார்த்தால், இரு ஊர்களுக்கும் 12 பாகை வேறுபாடு வருகிறது. அங்கு மார்கழி விடியலில் கணப்பு மூட்டிய வீட்டை வெளியிலிருந்து படமெடுத்தால், புகைபோக்கியின் தண்டும், சன்னல் சட்டத்தின் இடுக்கும், கூரையும் சுவரும் சேரும் விளிம்பும் ஒளிரும். அவையே வெப்பம் இழக்கும் வழிகள். தோடர்களின் மரபுக் குடிலோ, அரைவட்ட வளைகூரை நிலத்தைத் தொடும்படி அமைந்து, தவழ்ந்து நுழையும் மூன்றடி வாயில் ஒன்றையே திறப்பாகக் கொண்டது. கருவி ஏதும் இன்றியே வெப்ப இழப்பின் பெருவழி எதுவென்று அறிந்து அதைச் சுருக்கிய கட்டடம் அது. (விலங்குகளிடமிருந்து காப்பு என்பதும் அவ்வாயிலின் நோக்கமே; ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை.)

மலையிறங்கி மேட்டுப்பாளையம் வந்தால் அவ்விதி பயனற்றுப் போகிறது. சன்னல்கள் திறந்தே கிடக்கும் நம் வீடுகளில் உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் 10 பாகை வேறுபாடு ஏற்படுவது அரிது. ஆனால் கூரையின் மேற்புறம் காற்றை விடப் பலமடங்கு வெயிலைக் குடிக்கிறது. ஏறத்தாழ 11.3 பாகை வட அகலாங்கில் உள்ள இவ்வூருக்கு ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 23-ஐ ஒட்டியும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்திருக்கும். 'வடக்குச் சன்னலுக்கு வெயில் வராது' என்னும் நம்பிக்கை ஆனி மாதத்தில் பொய்க்கும். ஆக, இங்கு வெப்பத்தை இயக்கும் விசை காற்றின் வேறுபாடன்று, கதிரவனே. எனவே படமெடுக்கும் முறையும் கதிரவனின் நேரத்தை ஒட்டியே அமைய வேண்டும்.

கூரையின் கடிகாரம்

ஒரு கூரையின் மேற்புறம் பிற்பகல் ஒன்று அல்லது இரண்டு மணியளவில் உச்ச வெப்பத்தை அடைகிறது. அவ்வெப்பம் கீழ்ப்புறத்தை வந்தடைய எடுத்துக்கொள்ளும் நேரமே வெப்பத் தாமதம். அது தடிமனையும் பொருளின் வெப்பப் பரவல் வேகத்தையும் பொறுத்தது. முடிவிலாத் தடிமனுடைய திண்மம் எனக் கொள்ளும் எளிய கணக்கின்படி, 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்திற்கு இது மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. தளத்தின் மேல் 10 சென்டிமீட்டர் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் ஆறு மணி. 23 சென்டிமீட்டர் செங்கல் சுவருக்கு ஏழரை மணி. மங்களூர் ஓட்டுக்கோ அரை மணியும் ஆகாது. தகரத்திற்குச் சொல்லவே வேண்டா.

இவ்வெண்களை அன்றாட வாழ்வோடு பொருத்திப் பார்த்தால் கொங்கு வீடுகளில் பலரும் உணர்ந்த ஒன்று தெளிவாகும். தார்சு வீட்டில் நண்பகல் பொறுக்கத்தக்கதாகவே இருக்கும். விளக்கு வைக்கும் நேரத்திற்கே 'வெக்கை இறங்கும்'. மேற்குச் சுவரின் வெளிப்புறம் மாலை நான்கு மணிக்கு உச்சம் பெற்றால், உட்புறம் உச்சம் பெறுவது நள்ளிரவை ஒட்டியாகும். சுவரோரம் கட்டில் போட்டவர் பன்னிரண்டு மணிக்கு எழுந்து பாயை வாசலுக்கு எடுத்துச் செல்வது கற்பனை உபாதையால் அன்று. மலையை ஒட்டிய பகுதிகளில் கோடைச் சூரியன் சற்று முன்னதாகவே மலைக்குப் பின் மறைவதால் அங்குள்ள மேற்குச் சுவர்களுக்கு ஓரளவு விடுதலை கிடைக்கும்.

ஓட்டுவீடு இதற்கு நேர்மாறானது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய இவ்வகை ஓடு மெல்லியது. நண்பகலில் அதன் அடிப்புறம் உடனே சூடேறும். ஆனால் ஓடுகளின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறும். கதிரவன் மறைந்தபின் ஓடு வானத்தை நோக்கிக் கதிரை உமிழ்ந்து விரைவில் தணியும். மலையடிவாரத்தில் இரவில் இறங்கும் குளிர்காற்றும் இதற்குத் துணை. நடுவில் திறந்த முற்றம் உள்ள பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் இவ்விரண்டும் சேர்ந்து செயல்பட்டன.

இப்போது பிற்பகல் ஒரு மணிக்கு ஓட்டுவீட்டையும் தார்சு வீட்டையும் உள்ளிருந்து படமெடுத்து ஒப்பிடுபவர் என்ன முடிவுக்கு வருவார்? ஓட்டின் அடிப்புறம் செந்நிறமாகவும், தளத்தின் அடிப்புறம் நீலமாகவும் தெரியும். 'ஓடு மோசம், தார்சு நன்று' என்பார். அதே வீடுகளை இரவு எட்டு மணிக்கு எடுத்தால் வண்ணங்கள் இடம்மாறும். இரு படங்களும் பொய் சொல்லவில்லை. ஒற்றைப் படத்தை முழு நாளுக்கும் சாட்சியாக நிறுத்துவதே பிழை. குறைந்தது விடியல், நண்பகல், மாலை ஆறு, இரவு பத்து ஆகிய நான்கு வேளைகளில், ஒரே இடத்திலிருந்து, ஒரே வண்ண அளவுகோலில் எடுத்த படங்களே ஒப்பீட்டுக்கு உரியவை. வீட்டில் எவர் எவ்வேளையில் இருக்கின்றார் என்பதையும் உடன் குறிக்க வேண்டும். பகலெல்லாம் வேலைக்குச் சென்று இரவில் உறங்க வருபவருக்கும், பகல் முழுதும் தறியில் அமர்ந்திருப்பவருக்கும் ஏற்ற கூரை ஒன்றல்ல.

சூடான கூரை அடிப்புறம் எவ்வளவு வெப்பத்தை நம்மீது பொழிகிறது? தளத்தின் அடிப்புறம் 40 பாகையிலும், அறையின் பிற பரப்புகள் 32 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் விதிப்படி, 0.9 உமிழ்திறனுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 வாட். பத்தடிக்குப் பத்தடி அறையின் கூரைப்பரப்பு 9.3 சதுர மீட்டர். ஆகவே மொத்தம் 450 வாட் அளவில் வருகிறது. தலைக்கு மேலே அரை கிலோவாட்டிற்குச் சற்றுக் குறைந்த மின்னடுப்பு ஒன்று எரிவதற்கு இது நிகர். மின்விசிறி காற்றைச் சுழற்றுமே அன்றி இக்கதிரைத் தடுக்காது. காற்றின் வெப்பத்தை அளக்கும் சுவர் வெப்பமானியிலும் இது முழுமையாகத் தெரியாது. வெப்பப் படக்கருவியின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது: உடல் உணர்ந்தும் வெப்பமானி சொல்லாத ஒன்றை அது காட்டுகிறது.

உமிழ்திறன் என்னும் பொறி

எல்லாப் பரப்பும் ஒரே அளவில் கதிரை உமிழ்வதில்லை. செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, கான்கிரீட், மனிதத் தோல் ஆகியன 0.9-க்கு மேற்பட்ட உமிழ்திறன் உடையவை. பளபளப்பான அலுமினியம் 0.05 அளவே உடையது. புதிய துத்தநாகப் பூச்சுத் தகரம் 0.2 முதல் 0.3 வரை. குறைவாக உமிழும் பரப்பு மிகுதியாக எதிரொளிக்கும். எனவே அதை நோக்கும் கருவி பெரும்பாலும் அதில் எதிரொளிக்கும் வேறொன்றின் வெப்பத்தையே படிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. நண்பகலில் 60 பாகையில் கொதிக்கும் புதிய தகரக்கூரையை மாடியிலிருந்து படமெடுக்கிறோம். அதன் உமிழ்திறன் 0.25 என்க. அதில் எதிரொளிக்கும் தெளிந்த வானத்தின் கதிர்வீச்சு, பூச்சியத்திற்குக் கீழ் 10 பாகையில் உள்ள பொருளுக்கு நிகரானது என்க. இரண்டையும் கூட்டிக் கணக்கிட்டால் கருவி காட்டும் வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை. (முழு அலைநீளத்திற்குமான கணக்கு இது, கருவியின் பட்டைக்கு எண் மாறும், திசை மாறாது.) தெருவிலேயே மிகச் சூடான கூரை, படத்தில் மிகக் குளிர்ந்த கூரையாக, கருநீலத்தில் தெரியும்! அருகில் சுண்ணாம்பு அடித்த தளம் 42 பாகையில் மஞ்சளாகத் தெரியும். அறியாதவர் கையில் இப்படம் கிடைத்தால் விளைவு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அறிந்தவர் கையிலும் இது ஆபத்தானதே. கூரைப் பூச்சு விற்போர் 'பூசுமுன், பூசியபின்' என இரு படங்களைக் காட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது. வெள்ளிநிற அலுமினியப் பூச்சின் உமிழ்திறன் சாதாரணச் சாயத்தை விடக் குறைவு. ஆகவே பூசியபின் எடுத்த படத்தில் உண்மையான தணிவோடு பொய்த் தணிவும் சேர்ந்துகொள்ளும். அதோடு, ஒரு படத்தின் வண்ண அளவுகோல் 30 முதல் 50 பாகை வரையிலும், மற்றதன் அளவுகோல் 30 முதல் 70 வரையிலும் இருந்தால், ஒரே வெப்பம் ஒன்றில் சிவப்பாகவும் மற்றதில் பச்சையாகவும் தெரியும். வாங்குபவர் கேட்க வேண்டியவை மூன்றே: இரு படங்களின் ஓரத்தில் உள்ள அளவுகோல் ஒன்றுதானா? இரண்டும் ஒரே மணியில் எடுக்கப்பட்டவையா? உமிழ்திறன் எவ்வளவு எனக் கருவியில் இடப்பட்டது?

பிழையைத் திருத்தும் வழி எளிது. மின்பணியாளர் பயன்படுத்தும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதும். அதன் உமிழ்திறன் 0.95 அளவினது. தகரத்தில் அழுத்தி ஒட்டிச் சில நிமிடம் விட்டால் டேப்பும் தகரத்தின் வெப்பத்தை எய்தும். கருவியில் டேப்பின் மேல் குறிவைத்துப் படித்த எண்ணே தகரத்தின் ஏறத்தாழ மெய்யான வெப்பம். வெயில் நேரே விழும் மேற்புறத்தில் கறுப்பு டேப் தானே கூடுதலாகச் சூடேறும். ஆகவே இதைக் கூரையின் அடிப்புறத்தில் செய்வதே முறை.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும் சுண்ணாம்பு, அகச்சிவப்புப் பட்டையில் கறுப்புக்கு நிகராக உமிழ்கிறது. ஆகவே சுண்ணாம்பு அடித்த தளம் படத்தில் குளிர்ச்சியாகத் தெரிந்தால் அது மெய்யான குளிர்ச்சி. வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி, ஏற்ற சிறுபகுதியையும் வானுக்கு எளிதில் உமிழ்ந்துவிடும் இரட்டைக் குணம் அதற்கு உண்டு. பளபளக்கும் தகரத்திற்கு முதற்குணம் ஓரளவு உண்டு, இரண்டாவது இல்லை.

கருவியின் துல்லியம் குறித்தும் மிகை எண்ணம் கூடாது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே 0.1 பாகைக்கும் குறைந்த வேறுபாட்டை அது காட்டும். ஆனால் அது சொல்லும் வெப்பநிலை 2 பாகை வரை கூடியோ குறைந்தோ இருக்கலாம். ஒப்பீட்டிற்கு நம்பலாம், தனி எண்ணுக்கு அத்தனை நம்பிக்கை ஆகாது.

விதிமுறையும் வீடும்

மைய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பின் முதற்பகுதியை வெளியிட்டது. அதன்படி கூரையின் வெப்பக்கடப்பெண், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பாகைக்கு 1.2 வாட்டிற்கு மேற்படலாகாது. காப்பு ஏதுமற்ற 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் எண் 3-க்கும் மேல். அதாவது, நம் தெருக்களில் எழும் பெரும்பாலான வெற்றுத் தளங்கள் வரம்பைப்போல் இருமடங்குக்கு மேலான வெப்பத்தைக் கடத்துவன. தட்டோடும் செங்கல் ஜல்லியும் இட்ட பழைய முறை அவ்வெண்ணைக் குறைக்கும். செலவும் நாளும் கூடுமென்று அது இப்போது கைவிடப்பட்டு வருகிறது. ஆட்களுக்கும் அவ்வேலையின் நுணுக்கம் மறந்து வருவது தனிக்கதை.

தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இத்தகைய கொள்கைகள் நடைமுறைக்கு வரும்போது, கூரை உண்மையிலேயே குளிர்ந்ததா எனச் சரிபார்க்க வெப்பப் படமே கையாளப்படும். மேலே கூறிய உமிழ்திறன் பிழையும் அளவுகோல் பிழையும் அப்போது தனிமனிதரின் ஏமாற்றமாக நில்லாமல் பொதுப்பணத்தின் இழப்பாகும் என்பதால்தான் இக்கட்டுரை அவற்றில் இத்தனை நேரம் தங்கியது.

படம் காட்டாதவை

ஈரத்தைக் கண்டறிவதில் இக்கருவி வல்லது. ஈரம் ஆவியாகும்போது பரப்பு குளிர்வதால், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தளத்தில் நீர் கசியும் இடம், கறை வெளித்தெரியும் முன்பே குளிர்ந்த திட்டாகப் படத்தில் தோன்றும். ஆனால் குளிர்ந்த திட்டெல்லாம் ஈரமல்ல; காற்றோட்டத்தாலும் நிழலாலும் அவ்வாறு தோன்றலாம். ஈரமானியால் தொட்டுப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

ஈரத்தைக் காட்டும் கருவி உறுதியைக் காட்டாது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று அருகிலிருந்த ஓட்டு வீடுகளின்மேல் சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். சுவர்கள் பற்றி எழுதும் எவரும் இவ்வூரில் அதனைக் கடந்து செல்ல இயலாது. அத்தகைய சுவரின் பின்னே நீர் தேங்குவதற்கான குறிப்பை வெப்பப் படம் தரக்கூடும். மண்ணின் அழுத்தத்தையும் அடித்தளத்தின் வலிமையையும் அது அளக்காது. கட்டடப் பொறியாளரின் ஆய்வுக்கு அது மாற்றும் ஆகாது. அவ்வுயரத்தில், அவ்வீடுகளை ஒட்டி அச்சுவர் ஏன் நின்றது என்னும் கேள்வி வேறு வகையானது.

கண்டறிந்த பின்

படமெடுத்து முடிந்தபின் செய்யத்தக்கவை பெரும்பாலும் பழையவையே. நண்பகல் வெயில் கிடையான தளத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 950 வாட் விழுவதாகக் கொண்டால், சாம்பல்நிறக் கான்கிரீட் அதில் 600 வாட்டிற்கு மேல் ஏற்கும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் 200 முதல் 250 வாட் வரை ஏற்கும். தூசியும் பாசியும் படியப்படிய இந்த நன்மை குறையும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. மழை ஓய்ந்து கத்திரி தொடங்குமுன், மாசியிலோ பங்குனியிலோ தளத்திற்கும் அடித்தால் கூலியும் சுண்ணாம்பும் தவிர வேறு செலவில்லை. வழுக்காமலிருக்கவும் உதிராமலிருக்கவும் பசை கலப்பது நலம்.

தார்சின் மேல் தகரக்கூரை வேய்வது கோவை வட்டாரத்தில் பெருகியுள்ளது. தளத்தின் மேல் நேரே வெயில் விழாமல் தடுப்பதால் அது பயன் தருவதே. ஆனால் நாற்புறமும் அடைத்து அறையாக்கிவிட்டால் இடையே சூடான காற்று தேங்கி நன்மையின் ஒரு பகுதி அழியும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தகரக்கூரையே வீட்டின் ஒரே கூரையாக உள்ள இடத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ தென்னங்கீற்றோ அடியில் கட்டினால், தகரத்தின் கதிர் நேரே உடலில் விழுவது நிற்கும். தீப்பற்றும் இடர் உள்ளதால் அடுப்புக்கு மேலே மட்டும் இது கூடாது. மேற்குச் சுவருக்கு மரநிழலே சிறந்தது. பாக்கும் வாழையும் செழிக்கும் இம்மண்ணில் அது ஏழைக்கும் எட்டும். வீட்டுமனை இரண்டு சென்ட் அளவாகச் சுருங்கிய இடத்தில் மரத்திற்கு இடமில்லை; அங்கு ஒரு கொடிப்பந்தல் போதும்.

கருவியை வாடகைக்கு எடுப்பவர் முதலில் எந்த வீட்டிற்குச் செல்கிறார் என்பது எஞ்சுகிறது. குளிர்சாதனம் பொருத்திய வீட்டில் வெப்பம் உட்புகும் இடத்தை அடைத்தால் மின்கட்டணம் குறையும். எனவே செலவழித்துப் படமெடுக்க அவ்வீட்டார் முன்வருவர். தகரக்கூரை வீட்டில் குறைவதற்குக் கட்டணம் இல்லை. குறைவது உறக்கமின்மையும் மயக்கமும் மட்டுமே. ஆகையால் அவ்வீட்டை எவரும் படமெடுப்பதில்லை. ஊராட்சியோ நகராட்சியோ கோடையில் ஒரு கருவியையும், உமிழ்திறன் அறிந்த ஒருவரையும், ஒரு சுருள் கறுப்பு டேப்பையும் தெருத்தெருவாக அனுப்பினால், எந்த வீடுகளில் இரவு பத்து மணிக்கும் கூரை 38 பாகைக்கு மேல் உள்ளது என்னும் பட்டியல் சில நாள்களில் கிடைத்துவிடும். சுண்ணாம்பு எங்கிருந்து தொடங்கப்பட வேண்டும் என்பதை அப்பட்டியலே சொல்லும்.